நாற்பத்தெட்டாவது அறைக்கு ஐந்து ஆதாரங்கள்

மதிப்புக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதும் கடிதம். இங்கே நானும் உங்கள் மாமியாரும் நலம். அங்கே நீங்களும் என் மகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இதுவரை எழுதிய மரியாதை மாப்பிள்ளைக்கு. இனி வருவதெல்லாம் நீங்கள் நடத்தும் காலாண்டு ஆய்விதழின் ஆசிரியருக்கு. இரண்டு பேரும் ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருப்பதற்கு நான் பொறுப்பல்ல.

தபால் பிரிப்பகத்தில் முப்பத்தொரு வருடம் தெருவாரியாகக் கடிதம் பிரித்தவன் என்ற முறையில், உங்கள் இதழின் தொழிலாளர் சிறப்பு மலருக்கு நான்கு பக்கக் கட்டுரை ஒன்று அனுப்பியிருந்தேன். எங்களோடு வேலை பார்த்த லென்ஸ் அக்காவைப் பற்றியது. அதற்கு நீங்கள் 'அன்புள்ள கட்டுரையாளருக்கு' என்று ஆரம்பித்து ஒரு பதில் போட்டிருக்கிறீர்கள். அதற்கு முந்தின வாரம்தான் என் கையால் பரிமாறிய சோற்றைச் சாப்பிட்டுவிட்டுப் போனவர், நான் மாமா என்பதை உறை ஒட்டும்போது மறந்துவிட்டார் போலிருக்கிறது. போகட்டும். கட்டுரை உயிரோட்டமாக இருக்கிறதாம். ஆனால், முகவரி தெரியாத கடிதங்களைத் தபால் ஊழியர்கள் கைவிட்டுவிட்டு, அவற்றின் நினைவாகப் பிரிப்பு அலமாரியில் ஓர் அறையைக் காலியாக விட்டுத் துக்கம் காத்தார்கள் என்பது ஆய்வுலகில் நிறுவப்பட்ட முடிவாம். நான் அதற்கு நேர்மாறாக எழுதியிருப்பதால், துறை வல்லுநர்கள் மதிப்பாய்வு செய்த இதழ்களிலிருந்து ஐந்து ஆதாரமாவது காட்ட வேண்டுமாம், அதுவும் பத்து வருடத்துக்குள் வந்தவையாக. நூலகத்துக்குப் போனால் ஆய்வுத் தரவுத்தளங்களில் தேடிக்கொள்ளலாம் என்று வழியும் காட்டியிருந்தீர்கள். அந்த வழியில் நான் போய்விட்டு வந்த கதையைத்தான் இப்போது படிக்கப்போகிறீர்கள். தண்ணீர் குடித்துவிட்டு உட்காருங்கள்.

முதலில் லென்ஸ் அக்கா யாரென்று மறுபடியும் சொல்லிவிடுகிறேன், நீங்கள் கட்டுரையை முழுதாகப் படித்தீர்களா என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. பிரிப்பகத்தின் கோடி மேசையில், உள்ளங்கை அகல லென்ஸோடு உட்கார்ந்திருப்பார். மழையில் கரைந்தது, பாதி கிழிந்தது, கையெழுத்தே புரியாதது, தெருப் பெயர் இல்லாதது, எல்லாம் அவரிடம் போகும். படிக்க முடியாத கடிதத்தை அன்றைக்கே தலைமையகத்துக்கு அனுப்ப வேண்டும், அங்கே பிரித்துப் பார்ப்பார்கள், உள்ளேயும் முகவரி இல்லை என்றால் எரித்துவிடுவார்கள் என்பது விதி. அக்கா சாமானியத்தில் அனுப்ப மாட்டார். ஒரு நாள் ஒரு குழந்தை எழுதிய உறை வந்தது. மேலே 'அப்பாவுக்கு, பெரிய கப்பல்' என்று மட்டும் இருந்தது. அக்கா துறைமுகத்துக்குப் போன் போட்டு, எது பெரிய கப்பல் என்று கேட்டார். அந்தப் பக்கம் இருந்தவன், "எல்லாம் பெருசுதாம்மா" என்றான். "அப்ப எல்லாத்துலயும் விசாரி" என்று சொல்லிவிட்டு, அவன் விசாரிக்கும் வரை போனை வைக்கவே இல்லை. நாலாவது கப்பலில் அந்த அப்பா கிடைத்தார். இருபத்தாறு வருடம் இப்படி உழைத்தவர் ஓய்வு பெற்றபோது, அலுவலகம் கொடுத்த சான்றிதழில் 'திருப்திகரமாகப் பணியாற்றினார்' என்று இரண்டே வார்த்தை. அக்காவுக்கு இப்போது எழுபத்தேழு வயது. அவர் கைக்கு வந்த ஒரு கடிதம்கூட வீடு சேராமல் போனதில்லை என்பதை அவர் கண்ணாலேயே அச்சில் பார்க்க வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். நீங்கள் என்னடாவென்றால், கைவிட்டார்கள், துக்கம் காத்தார்கள் என்கிறீர்கள்.

சரி, ஐந்து ஆதாரம்தானே என்று நூலகத்துக்குப் போனேன். முதல் நாள் உறுப்பினர் அட்டைக்குப் புகைப்படம் எடுப்பதிலேயே போய்விட்டது. இரண்டாம் நாள் ஆறாம் எண் கணினியில் உட்கார்ந்து, தேடல் கட்டத்தில் என் கேள்வியை ஒளிவுமறைவில்லாமல் எழுதினேன்: 'தபால் பிரிப்பகத்தில் முகவரி தெரியாத கடிதங்களை ஊழியர்கள் கைவிட்டார்கள் என்று சொன்ன ஆள் யார், அவருக்கு அது எப்படித் தெரியும்.' முடிவுகள் பூஜ்யம் என்று வந்தது. நூலகர் ஓர் அம்மா, குரலை உயர்த்தாமலே ஆளை உட்கார வைக்கக்கூடியவர். என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டு, "சார், அதுகிட்ட சண்டை போடக் கூடாது. ரெண்டு மூணு வார்த்தை மட்டும் குடுங்க" என்றார். 'தபால்' என்று ஒரே வார்த்தை கொடுத்தேன். நாற்பத்தோராயிரத்து முந்நூற்று ஆறு கட்டுரைகள் வந்தன. மாப்பிள்ளை, நான் அசரவில்லை. நாற்பத்தோராயிரம் என்பது எங்கள் பிரிப்பகத்தில் ஒரு சாதாரணத் திங்கட்கிழமை. முதல் கட்டுரையிலிருந்து ஆரம்பித்தேன்.

வீட்டிலிருந்து கோடு போட்ட நோட்டு ஒன்றைக் கொண்டுபோய், எங்கள் பிரிப்பு அலமாரியில் இருந்ததுபோல நாற்பத்தெட்டுக் கட்டம் வரைந்து, ஒவ்வொரு தலைப்பையும் படித்து அததற்குரிய கட்டத்தில் எழுதிக்கொண்டே போனேன். பத்து நிமிடம் விசையைத் தட்டாமல் யோசித்தால் அந்தத் தளம் என்னை வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிடும். மறுபடியும் கடவுச்சொல், மறுபடியும் முதல் பக்கம். யோசிக்கிறவனை வெளியே தள்ளும் இடத்துக்கு ஆய்வுத் தளம் என்று பெயர். மூன்றாம் நாள் மாலை இருநூற்றுப் பன்னிரண்டாவது தலைப்பில் இருந்தபோது நூலகர் நோட்டை எட்டிப் பார்த்தார்.

"சார், எல்லாத்தையுமா பாக்குறீங்க?"

"ஒண்ணு விடாம பாத்தாத்தானேம்மா பிரிக்க முடியும்?"

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, வடிகட்டி என்றால் என்ன, இரண்டு சொல்லும் சேர்ந்து வர வேண்டும் என்று எப்படிக் கேட்பது, வேண்டாத சொல்லை எப்படி விலக்குவது, மதிப்பாய்வு பெற்றவற்றை மட்டும் எப்படிக் காட்டச் சொல்வது என்று எல்லாம் சொல்லிக் கொடுத்தார். எனக்குப் புரியாமல் இல்லை. ஒத்துக்கொள்ளத்தான் முடியவில்லை. பாராமலே நாற்பதாயிரத்தை ஓரம் கட்டுவதற்கு எங்கள் அலுவலகத்தில் வேறு பெயர் உண்டு, அதைச் செய்தவனுக்கு இடைநீக்க உத்தரவு வரும். அதோடு, அந்தத் தளத்தில் பிரிப்பு வேலை பார்த்தவன் சுத்த மோசம். கடிதம் சுமந்த புறாக்களைப் பற்றிய தபால் வரலாற்றுக் கட்டுரையைப் பறவை நோய்களோடு போட்டு வைத்திருக்கிறான். 'தவறான அறை, மாற்றி அனுப்பவும்' என்று ஒரு சீட்டு எழுதி நூலகரிடம் கொடுத்தேன். "சார், இது எங்க கையில இல்ல. எங்கயோ ஒரு கம்பெனி பிரிக்குது" என்றார். எங்கேயோ இருந்துகொண்டு பிரித்தால் இப்படித்தான் இருக்கும்.

வடிகட்டியபின் 'தபால்', 'காலி அறை' என்ற இரண்டையும் சேர்த்துக் கேட்டேன். விடுதிகளில் காலியாகக் கிடக்கும் அறைகளைப் பற்றி எட்டுக் கட்டுரை, உங்கள் ஆய்வுலகத்தின் துக்க அறையைப் பற்றி ஐந்து. ஐந்துக்கும் சுருக்கம் மட்டும்தான் தெரிந்தது. முழுக் கட்டுரைக்குப் பூட்டு. நூலகர் வேறொரு நூலகத்துக்கு எழுதிப்போட்டு ஒன்பது நாளில் ஐந்தையும் வரவழைத்துக் கொடுத்தார். உறையில் இருக்கும் முத்திரைகளைப் பார்த்து ஒரு கடிதம் எங்கெங்கே சுற்றியிருக்கிறது என்று கண்டுபிடிப்பது எனக்குத் தொழில். ஐந்து கட்டுரைகளின் அடிக்குறிப்புகளையும் அதேபோலப் பின்னோக்கிப் பார்த்துக்கொண்டே போனேன். நான்காவது மூன்றாவதைக் காட்டியது, மூன்றாவது இரண்டாவதை, இரண்டாவது முதலாவதை. முதலாவது பத்தொன்பது வருடத்துக்கு முன் ஓர் ஆராய்ச்சி மாணவி எழுதியது. அது ஒரு பேட்டியைக் காட்டியது. 'தகவலாளி 7: ஆண், நடுவயது, தபால் பிரிப்பாளர், சொற்சிக்கனம் உடையவர்.' அவர் சொன்னதாகக் கீழே மூன்று வரி. முதல் வரியை மூன்று தடவை படித்தேன்.

எங்கள் பிரிப்பு அலமாரியில் கடிதம் போட நாற்பத்தெட்டு அறை, ஒவ்வொரு தெருவுக்கும் ஒன்று. சாலையை அகலப்படுத்தியபோது ஒரு தெருவே காணாமல் போனதில், கீழ் மூலையில் இருந்த நாற்பத்தெட்டாவது அறைக்கு வேலை போய்விட்டது. அதில் காலை ஷிப்டில் இருந்த நாங்கள் ஒன்பது பேரும் சாப்பாட்டு டப்பாவை வைத்தோம். ஒரு நாள் மேலதிகாரி வருகிறார் என்று காற்றுவாக்கில் தெரிந்ததும், அவ்வளவு டப்பாவையும் சாக்குகளுக்குப் பின்னால் ஒளித்தோம். பதினோரு மணிக்கு அவர் வந்தார், கூடவே நோட்டும் பேனாவுமாக அந்த மாணவி. எல்லா அறையும் நிரம்பி வழிய, அது மட்டும் காலியாக இருந்ததை அந்தப் பெண் பார்த்துவிட்டாள். "இது மட்டும் ஏன் காலியா இருக்கு?" என்று, அங்கே இருந்த ஒன்பது பேரில் என்னைத்தான் கேட்டாள். அதிகாரியும் என்னைத்தான் பார்த்தார். சாப்பாட்டு டப்பா என்று சொன்னால் ஒன்பது பேருக்கும் விளக்கம் கேட்டுக் கடிதம் வருவது நிச்சயம்.

"அது வீடு கிடைக்காத கடிதங்களுக்கும்மா," என்றேன். "அதுங்களுக்கும் ஒரு இடம் இருக்கணும்ல? அதான் காலியாவே விட்டுடுவோம்."

அதிகாரி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அத்தோடு நான் வாயை மூடியிருக்கலாம். பேனா ஓடுவதைப் பார்த்ததும் உற்சாகம் வந்துவிட்டது. "அந்தப் பக்கம் நிக்கறப்ப யாரும் பேச மாட்டோம்" என்றும் சேர்த்து விட்டேன். அது மட்டும் உண்மை. வாய் நிறையச் சோறு இருக்கும்போது யார்தான் பேசுவார்கள்? அந்தப் பெண்ணோ, 'அவ்வறையிலிருந்து எழும் மெல்லிய மணம், நறுமணப் பொருள்கள் அங்கே படைக்கப்பட்டதை உணர்த்துகிறது' என்று எழுதியிருக்கிறாள். மாப்பிள்ளை, அது பூண்டு.

வாசிப்புக் கூடம் என்பதை மறந்து எழுந்து நின்று, "அது நான்தான்!" என்று கத்திவிட்டேன். நூலகர் விரைந்து வந்தார்.

"சார், மெதுவா."

"ஏழாம் நம்பர் தகவலாளி நான்தாம்மா. இது அவ்வளவும் நான் விட்ட கதை."

"அதுக்கு ஆதாரம் இருக்கா சார்?"

"நானே நிக்கிறேனே!"

"பேர் போடாமத்தானே எழுதியிருக்காங்க. நீங்கதான்னு எப்படி நிரூபிப்பீங்க?"

அவர் கேலியாகக் கேட்கவில்லை, அதுதான் என் வயிற்றெரிச்சல். பொய் சொன்ன நாளில் நான் தகவலாளி. உண்மை சொல்ல வந்த நாளில் நான் யாரோ. வீட்டுக்கு வந்து உங்கள் மாமியாரிடம் அந்தப் பக்கத்தைக் காட்டினேன். சொற்சிக்கனம் உடையவர் என்ற இடத்தைப் படித்துவிட்டு, அப்படியானால் அது நீங்களாக இருக்கவே முடியாது என்று அவரும் தீர்ப்புச் சொல்லிவிட்டார். வல்லுநர் மதிப்பாய்வு என்றால் என்ன என்று நூலகரிடம் கேட்டேன். துறை தெரிந்த இரண்டு பேர், எழுதியவர் யாரென்று தெரியாமலே படித்துப் பார்ப்பார்களாம். அந்த இரண்டு பேரில் ஒருவராவது கீழ் மூலை வரை குனிந்து பார்த்தாரா என்றேன். "அவங்க பேப்பரத்தான் சார் படிப்பாங்க" என்றார்.

இப்போது ஐந்தாவது கட்டுரைக்கு வருகிறேன். வேண்டுமென்றேதான் கடைசியில் வைத்தேன். இரண்டாவது, ஆஸ்பத்திரிகளில் யாரும் உட்காராத நாற்காலிகளை எங்கள் அறையோடு ஒப்பிடுகிறது. மூன்றாவது முழுக்க எங்கள் மௌனத்தைப் பற்றியது. நான்காவதில் எங்கள் அறைக்கு வரைபடமே இருக்கிறது, அம்புக்குறிகளோடு. ஐந்தாவது, உங்கள் முனைவர் பட்ட ஆய்வின் நான்காம் அத்தியாயம். முப்பத்தெட்டுப் பக்கம். என் ஒரு வாய்ப் பொய்யை வைத்து முப்பத்தெட்டுப் பக்கம் எழுதிய உங்கள் திறமையை நான் குறை சொல்லவில்லை. ஆறு வருடமாக எங்கள் வீட்டுக்கு வந்து போகிறீர்கள். மாமனார் தபால் பிரிப்பகத்தில் இருந்தவர் என்று கல்யாணப் பேச்சிலேயே சொன்னோம். ஒரு நாளாவது, சாப்பிட்டுக் கை கழுவும் நேரத்திலாவது, 'மாமா, உங்கள் இடத்தில் அப்படி ஓர் அறை இருந்ததா?' என்று கேட்டீர்களா? கூடத்தில் உட்கார்ந்திருக்கும் ஆளை விட்டுவிட்டு, பூட்டுப் போட்ட தளத்தில் போய்த் தேடியிருக்கிறீர்கள்.

விஷயம் எப்படியோ என் மகள் காதுக்குப் போய்விட்டது. உங்கள் மாமியார் வழியாகத்தான் இருக்கும். நேற்றுப் போன் செய்தாள். "அப்பா, அடுத்த மாசம் மாநாட்டுல அவர் பேசப் போறதே அந்த அறையப் பத்தித்தான். கொஞ்சம் பொறுத்துக்கக் கூடாதா?" என்றாள். "தாராளமா பேசட்டும்மா. டப்பாவப் பத்தியும் ரெண்டு வார்த்தை பேசச் சொல்லு" என்றேன். அவள் போனை வைத்தபிறகு கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனாலும் பொறுக்க மாட்டேன். உங்களுக்கு மாநாடு அடுத்த வருடமும் வரும். அக்காவுக்கு இப்போதே ஒரு கண்ணில் பார்வை மங்கிவிட்டது. ஒன்பது பேரின் தோலைக் காப்பாற்ற நான் சொன்ன பொய், அவருடைய இருபத்தாறு வருட உழைப்பைத் துக்கம் என்று மாற்றி ஐந்து இடத்தில் அச்சாகியிருக்கிறது. எனக்கு வெட்கமாக இருக்கிறது. அந்த வெட்கத்துக்கு எந்த இதழிலும் ஆதாரம் கிடைக்காது.

ஆகவே என் முடிவைக் கேளுங்கள். கட்டுரையில் ஓர் எழுத்தையும் மாற்ற மாட்டேன். அடிக்குறிப்பு ஒன்றுகூடச் சேர்க்க மாட்டேன். லென்ஸ் அக்கா கைக்கு வந்த ஒரு கடிதமும் தவறவில்லை, நாற்பத்தெட்டாவது அறையில் சாப்பாட்டு டப்பாவைத் தவிர எந்தக் காலத்திலும் எதுவும் இருந்ததில்லை. இதற்கு ஆதாரம் நான். பத்து வருடத்துக்குள் வந்த ஆதாரம்தான் செல்லும் என்றால், இன்று காலைகூட நான் நூலகத்துக்குப் போய் அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன், இதைவிடப் புது ஆதாரம் உங்களுக்குக் கிடைக்காது. அந்த ஆறாம் எண் கணினி பக்கம் இனி தலைவைத்தும் படுக்க மாட்டேன். கட்டுரையைப் போட்டால் அப்படியே போடுங்கள். இல்லையென்றால் திருப்பி அனுப்புங்கள், நாலு தெருவிலும் நானே ஒட்டிக்கொள்கிறேன்.

இத்தனையும் ஆசிரியருக்கு. மாப்பிள்ளையிடம் எனக்கு மனத்தாங்கல் எதுவுமில்லை. நீங்களும் என் மகளும் நோய்நொடி இல்லாமல், நல்ல பேரோடும் நிறைந்த ஆயுளோடும் இருக்க மனமார வாழ்த்துகிறேன். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு எப்போதும்போல வந்துவிடுங்கள். உங்கள் மாமியார் அன்பைச் சொல்லச் சொன்னார்.

இப்படிக்கு,
மாமனார்
(உங்கள் ஆய்வில் தகவலாளி 7)

பி.கு.: உறையை ஒட்டுவதற்கு முன், யாரைப் பற்றி எழுதியிருக்கிறதோ அவர் கேட்பதுதான் நியாயம் என்று லென்ஸ் அக்கா வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்துக் காட்டினேன். கப்பல் வந்தபோது சிரித்தார். நாற்பத்தெட்டாவது அறை வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

"உனக்கு யாரு சொன்னா?" என்றார்.

"யாரும் சொல்லலக்கா. அந்த நேரத்துக்கு வாயில வந்தது."

"வாயில வந்ததா? நான் அங்கதானே வெச்சேன்!"

அக்காவே சொன்னார். "நீங்கெல்லாம் ரெண்டு மணிக்கு டப்பாவத் தூக்கிட்டுக் கெளம்பிடுவீங்க. நான் எட்டு மணி வரைக்கும் இருக்கேன்ல. பூண்டு வாடை போகத் தொடச்சிட்டு, என்னால படிக்க முடியாத கடிதத்த எல்லாம் அதுல நிக்க வெப்பேன். சாயங்காலம் டெலிவரி ஆளுங்க வந்து ஒவ்வொருத்தரா குனிஞ்சு பாப்பாங்க. யாராவது ஒருத்தருக்கு அந்தக் கையெழுத்து தெரிஞ்சிருக்கும். மேசை மேல வெச்சா ஆபீசர் கண்ணுல பட்டுடும். கீழ் மூலைக்கு எந்த ஆபீசர் குனியுறாரு?"

"அப்ப தவறின கடிதம்?"

"பதினொண்ணு. ஒண்ணுமே தவறலன்னு நீயா எழுதிக்கிட்டா எப்படி?"

"அதுக்காக நீங்க துக்கப்பட்டீங்களாக்கா?" என்று உங்கள் சார்பில் கேட்டேன்.

"துக்கம் என்ன துக்கம். முடியாத வேலை, அவ்வளவுதான்" என்றார்.

ஆகவே மாப்பிள்ளை, மேலே எழுதியதை எல்லாம் வாபஸ் வாங்குகிறேன். நான் சொன்ன பொய் நிஜம், நான் எழுதிய நிஜம் பொய். உங்கள் ஐந்து கட்டுரையும் சரி, ஒருவர்கூட யாரையும் கேட்காமலே சரி. முப்பத்தெட்டுப் பக்கத்தில் துக்கம் என்று வரும் இடமெல்லாம் வேலை என்று மாற்றிக்கொண்டால் மாநாட்டில் தைரியமாகப் பேசலாம்.

அந்தப் பதினொன்றையும் தலைமையகத்துக்கு அனுப்புவதற்கு முன், உறையில் படிக்க முடிந்த மட்டும் ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறார் அக்கா. எடுத்து வந்து மடியில் வைத்துக்கொண்டு, "உன் கம்ப்யூட்டர்ல இதத் தேடலாமா?" என்று கேட்டார். நூலகருக்குப் போன் செய்து என் அட்டையைக் கிழித்துவிட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். நாளை காலை பத்து மணிக்கு ஆறாம் எண் கணினியில் நான், ஏழாம் எண்ணில் அக்கா. கட்டுரையை அச்சுக்கு அனுப்புவதைக் கொஞ்சம் நிறுத்தி வையுங்கள். பதினொன்று என்ற எண் குறையலாம்.